கடற்கரை மணலை நன்னீர் மீன்தொட்டியில் இடலாமா? எத்தனை முறை கழுவினால் உப்பு போகும்?

பதிவு 1 | நீலாங்கரைவாசி

அனைவருக்கும் வணக்கம். மூன்றடி நீளமுள்ள ஒரு தொட்டியை (90 × 45 × 45 செ.மீ.) நான்கு ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். இதுவரை அடியில் நீலமும் வெள்ளையுமாகச் சாயம் பூசிய கற்களே கிடந்தன. அண்மையில் அடித்தளத்தைத் துழாவி இரை தேடும் கோரிடோரஸ் என்ற சிறு கெளுத்தி மீன்கள் எட்டை வாங்கி விட்ட பிறகு, அவற்றின் மீசைகள் நாளுக்கு நாள் தேய்ந்து குட்டையாவதைக் கண்டு, கற்களை அகற்றிவிட்டு மணல் பரப்புவதென்று முடிவு செய்தேன். வீட்டிலிருந்து கடற்கரை பத்து நிமிட நடைதான். நேற்றுக் காலை நடைக்குப் போனபோது ஐந்து ஐந்து கிலோவாக இரண்டு பைகளில் மணல் எடுத்து வந்துவிட்டேன். எஞ்சியதைச் சிறிது சிறிதாகக் கொண்டுவரலாம் என்பது எண்ணம்.

மீன் கடைக்காரர் "கடல் மணல் வேண்டவே வேண்டாம்" என்று சொன்னார், ஆனால் காரணம் கேட்டதற்கு உப்பு என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டார். தொட்டியில் இருபது நியான் டெட்ராக்களும் உள்ளன. ஆர்ஓ நீருடன் சிறிது ஆழ்துளைக் கிணற்று நீரைக் கலந்து, டிடிஎஸ் (நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு) 120 அளவில் வைத்துக்கொள்கிறேன். ஐந்து செ.மீ. உயரத்துக்கு மணல் போட விருப்பம். எத்தனை முறை கழுவினால் உப்பு முழுவதும் போகும் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதிவு 2 | கொளத்தூர்ப் பழையவர்

தம்பி, உப்பைப் பற்றிய உங்கள் அச்சத்தை முதலில் கணக்குப் போட்டுத் தீர்த்துவிடுவோம், ஏனெனில் இந்த விவகாரத்தில் மிக எளிதாகத் தீர்வது அதுதான்.

உங்கள் தொட்டியின் தரைப்பரப்பில் ஐந்து செ.மீ. உயரத்துக்கு மணல் பரப்ப இருபது லிட்டர் மணல் வேண்டும். எடையில் அது முப்பது கிலோவுக்குச் சற்று மேலே வரும். மணலின் கன அளவில் ஏறத்தாழ 40 சதவீதம் மணிகளுக்கு இடைப்பட்ட வெற்றிடம். அந்த இடம் முழுவதும் கடல்நீரால் நிரம்பியிருக்கிறது என்று மோசமான நிலையையே எடுத்துக்கொண்டால் எட்டு லிட்டர் கடல்நீர் ஆகிறது. லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்ற கணக்கில் 280 கிராம். இதை அப்படியே 150 லிட்டர் நீருள்ள தொட்டியில் கொட்டினால் லிட்டருக்கு இரண்டு கிராமை நெருங்கும். கோரிடோரஸுக்கு அது நல்லதல்ல.

ஆனால் கழுவும்போது நடப்பது என்ன? இருபது லிட்டர் வாளியில் எட்டு லிட்டர் மணலைப் போட்டு, முக்கால் வாளிக்கு மேல் நீர் ஊற்றிக் கையால் அடிவரை கிளறி, நீரைச் சாய்த்து வடித்தால், ஒவ்வொரு முறையும் பழைய உப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் மணலுக்குள் தங்கும். ஐந்து முறை கழுவினால் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதாவது 280 கிராம் கால் கிராமாகிவிடும், 150 லிட்டரில் அது பொருட்படுத்தத் தக்க அளவே அல்ல. கடைசியாக வடித்த நீரின் டிடிஎஸ், குழாய் நீரின் டிடிஎஸ் அளவிலேயே இருந்தால் உப்பு போய்விட்டது என்று பொருள். அதற்குப் பிறகும் வடிநீர் கலங்கலாக இருந்தால் அது தூசி, அதற்காகத்தான் மேலும் பத்து முறை கழுவ நேரும். சோப்புத் தூளையோ பாத்திரம் துலக்கும் திரவத்தையோ அதன் பக்கத்திலேயே கொண்டுபோக வேண்டாம்.

ஆக, கடைக்காரர் சொன்ன முடிவு சரியாக இருக்கலாம், அவர் சொன்ன காரணம் சரியல்ல. கழுவினால் போகாத பொருள்கள் உங்கள் மணலில் என்னென்ன இருக்கின்றன என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

பதிவு 3 | கிளிஞ்சல்மேடு

பழையவர் ஐயா விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். நான் நிலவியல் படித்தவள், மீன் வளர்ப்பது பொழுதுபோக்கு.

சென்னைக் கடற்கரை மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ் மணிகள். ஆறுகள் உள்நாட்டுப் பாறைகளை அரைத்துக் கொண்டுவந்து சேர்த்த சிலிக்கா அது. நீரில் கரைவது மிகமிகச் சொற்பம் என்பதால் தொட்டிக்கு அதனால் கெடுதல் இல்லை. அதனுடன் கலந்திருப்பவற்றுள் நம் கவலைக்குரிய முதல் பொருள் கிளிஞ்சல் தூள். சிப்பி, சங்கு, நத்தை ஓடுகளை அலை உடைத்து உடைத்து மணல் அளவுக்கே கொண்டுவந்துவிடுவதால், சல்லடையால் சலித்துப் பெரிய ஓடுகளை நீக்கிய பிறகும் அந்தத் தூள் மணலோடு மணலாகவே இருக்கும். வேதியியல் நோக்கில் அது கால்சியம் கார்பனேட், நம் முன்னோர் சுட்டுச் சுண்ணாம்பாக்கிய அதே பொருள். நீரில் கரைந்துள்ள கரியமில வாயு அதைக் கால்சியம் பைகார்பனேட்டாக மாற்றி மெல்லக் கரைக்கிறது. அப்போது நீரின் கடினத்தன்மையும் காரத்தன்மையும் கூடுகின்றன, பிஎச் (அமில-கார அளவு, 7 என்றால் நடுநிலை) 8 வரை ஏறுகிறது. நீங்கள் பணம் செலவழித்து ஆர்ஓ நீர் வாங்கி மென்மையாக்கிய நீரை, அடியில் கிடக்கும் மணல் இரவுபகலாகத் திரும்பக் கடினமாக்கிக்கொண்டிருக்கும்.

பரிசோதனை எளிது. காய்ந்த மணலில் ஒரு கரண்டி எடுத்து அதன்மேல் வினிகரை ஊற்றிக் காதருகே வைத்துக் கேளுங்கள். நுரையோ மெல்லிய சீறலோ இருந்தால் கிளிஞ்சல் உண்டு. வினிகர் வீரியம் குறைந்த அமிலம், ஆகவே நுரை வராததை மட்டும் வைத்து "இல்லை" என்று முடிவு கட்ட வேண்டாம். அளவு தெரிய வேண்டுமானால், நன்கு கழுவிக் காயவைத்த மணலில் சரியாக 100 கிராம் நிறுத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை நுரை அடங்கும்வரை சிறிது சிறிதாக ஊற்றி, மறுபடி கழுவிக் காயவைத்து நிறுங்கள். குறைந்த எடை எத்தனை கிராமோ அத்தனை சதவீதம் சுண்ணாம்பு. காற்றோட்டமுள்ள இடத்தில், கையுறையும் கண்ணாடியும் அணிந்து செய்யுங்கள். பிளீச்சிங் பவுடர் இருக்கும் அறையில் செய்யவே கூடாது, இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும்.

பதிவு 4 | போர்த்தண்ணீர்

நண்பர்கள் இதனை அளவுக்கு மீறிச் சிக்கலாக்குகிறீர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. நான் திருவான்மியூரில் ஆறு ஆண்டுகளாகக் கடற்கரை மணல்தான் பயன்படுத்துகிறேன். கப்பி, மோலி, பிளாட்டி எல்லாம் குட்டி போட்டுப் பெருகிக்கொண்டிருக்கின்றன. ஆழ்துளைக் கிணற்று நீர், டிடிஎஸ் 900. ஆர்ஓ கிடையாது, பிஎச் அளந்ததும் கிடையாது. இரண்டு வாளி நீரில் கழுவினேன், போட்டேன், அவ்வளவுதான். கிளிஞ்சல் இருந்தாலும் சில மாதங்களில் கரைந்து தீர்ந்துபோகும். அதற்காக அமிலம் வாங்கிச் சோதனைச்சாலை நடத்த வேண்டுமா?

பதிவு 5 | கிளிஞ்சல்மேடு

போர்த்தண்ணீர் அண்ணா, உங்கள் அனுபவம் உண்மையானது, அதிலிருந்து நீங்கள் எடுத்த முடிவுதான் நீலாங்கரைவாசிக்குப் பொருந்தாது.

உங்கள் நீர் நிலத்தடியிலேயே தேவையான சுண்ணாம்பையெல்லாம் கரைத்துக்கொண்டு மேலே வந்த நீர். ஏற்கெனவே வயிறு நிறைந்த விருந்தாளிக்கு மறுசோறு போட்டால் இலையில் அப்படியே இருப்பதைப் போல, அந்த நீரில் கிளிஞ்சல் கரைவதற்கு இடமே இல்லை. அதனால் உங்கள் தொட்டியில் மணலுக்கு முன்னும் பின்னும் நீர் ஏறத்தாழ ஒன்றுதான். போதாக்குறைக்கு நீங்கள் வளர்ப்பவை கடின நீரை விரும்பும் மீன்கள். மோலியை உவர்நீரிலேயே வளர்க்கலாம். ஆர்ஓ நீரோ பசித்த நீர், கிடைத்ததைக் கரைக்கும். கடின நீர் உள்ளவர்களுக்குக் கடற்கரை மணலால் தொல்லை குறைவு, மென்னீர் செய்து வைத்திருப்பவர்களுக்கே தொல்லை அதிகம் என்பது கேட்பதற்குத் தலைகீழாக இருந்தாலும் உண்மை.

"சில மாதங்களில் கரைந்து தீரும்" என்பதையும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. காற்றுடன் தொடர்புள்ள தூய நீர் ஒரு லிட்டர், ஏறத்தாழ 50 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டைக் கரைத்ததும் நிறைவடைந்துவிடும். வாரந்தோறும் 45 லிட்டர் புதிய ஆர்ஓ நீர் மாற்றுகிறார் என்று கொண்டால், வாரத்துக்குக் கரைவது இரண்டேகால் கிராம். முப்பது கிலோ வேண்டாம், இருபது கிலோ மணலில் ஐந்து சதவீதம் கிளிஞ்சல் இருந்தாலே அது ஒரு கிலோ. அது தீர எட்டு ஆண்டுகளுக்கு மேலாகும். மீன்களின் மூச்சும் கழிவுகள் சிதைவதால் உண்டாகும் அமிலமும் இதனைச் சற்று விரைவுபடுத்தும், நீர்த்தாவரங்களுக்காகக் கரியமில வாயு செலுத்துபவர்களுக்கு நன்றாகவே விரைவுபடுத்தும். எப்படியானாலும் மாதக் கணக்கில் தீராது.

பதிவு 6 | நீலாங்கரைவாசி

விளக்கத்துக்கு மிக்க நன்றி. வினிகர் சோதனையில் நுரை வந்தது, சீறலும் நன்றாகவே கேட்டது. எடைச் சோதனையையும் பாட்டில் சோதனை ஒன்றையும் செய்து பத்து நாளில் எழுதுகிறேன். இன்னொரு கேள்வி: பிஎச் 8 ஆனால் நியான் டெட்ரா இறந்துவிடுமா?

பதிவு 7 | கொளத்தூர்ப் பழையவர்

உடனே இறக்காது. இன்று கடைகளில் கிடைக்கும் நியான் பெரும்பாலும் பண்ணையில் பிறந்தது, காட்டு மீனைப் போல அமேசானின் மென்மையான அமில நீரையே கேட்டு அடம் பிடிப்பதில்லை. ஆபத்து வேறு வழியில் வரும். தொட்டியில் அம்மோனியா எப்போதாவது தலைகாட்டும்போது, பிஎச் 7-இல் அதில் நச்சுள்ள வடிவம் 0.5 சதவீத அளவில்தான் இருக்கும், பிஎச் 8-இல் அது ஐந்து சதவீதத்தைத் தாண்டிவிடும். மின்வெட்டில் வடிகட்டி ஆறு மணி நேரம் நின்றுபோன நாளில் இந்தப் பத்து மடங்கு வேறுபாடு உயிர் பிழைப்பதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும். நியானைக் குஞ்சு பொரிக்க வைக்க எண்ணியிருந்தால், கடின நீரில் அந்த எண்ணத்தைக் கைவிட்டுவிடலாம்.

பதிவு 8 | மோட்டார் வைத்தியர்

எல்லோரும் வேதியியல் பேசுகிறீர்கள், நான் இயந்திரம் பேசுகிறேன்.

பழுதுபார்க்க வரும் பவர் பில்டர்களையும் தொங்கு வடிகட்டிகளையும் திறந்து பார்த்துப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: கடற்கரை மணல் போட்ட தொட்டியின் மோட்டாரைத் திறந்தால் பார்த்த உடனே தெரிந்துவிடும். உள்ளே சுழன்று நீரைத் தள்ளும் சிறு சக்கரமான இம்பெல்லரின் தண்டைச் சுற்றி இருப்பது ஒரு நிரந்தரக் காந்தம். வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு கரையில் கறுப்புக் கோடுகளாக அலை ஒதுக்கிவைக்கும் மணலைப் பார்த்திருப்பீர்கள். அதில் மேக்னடைட் என்னும் இரும்புத் தாது கலந்திருக்கிறது. வடிகட்டி இழுக்கும் நீரோடு வரும் சாதாரண மணி பெரும்பாலும் வெளியே போய்விடும், மேக்னடைட் மணியோ காந்தத்தில் ஒட்டிக்கொண்டு தாடிபோல வளரும். பிறகு அது இம்பெல்லருக்கும் அதன் குழிக்கும் நடுவே உப்புத்தாளாக வேலை செய்யும். முதலில் கரகரவென்று ஓசை வரும், அடுத்து நீரோட்டம் குறையும், ஒருநாள் மோட்டார் நின்றுவிடும். மின்வெட்டுக்குப் பிறகு ஓட மறுப்பதுதான் வழக்கமான முறையீடு.

கண்ணாடி துடைக்கும் காந்தத் துடைப்பானிலும் இதே கதை. உள்பக்கத் துண்டு மணல் மட்டத்தைத் தொடும்போது கறுப்பு மணிகளைக் கவ்விக்கொள்ளும். நீங்கள் பாசியைத் துடைப்பதாக நினைத்துக் கண்ணாடியில் கோடு போட்டுக்கொண்டிருப்பீர்கள், அந்தக் கீறல் அந்தத் தொட்டியின் ஆயுள் முழுவதும் இருக்கும்.

காய்ந்த மணலை நாளிதழில் மெல்லியதாகப் பரப்பி, பழைய ஒலிபெருக்கிக் காந்தத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, மேலாக நான்கைந்து முறை இழுத்துப் பாருங்கள். உறையை உதறினால் ஒட்டியது கீழே விழும். அரைக் கரண்டிக்கு மேல் தேறினால் அந்த மணலை மோட்டார் உள்ள தொட்டியில் போடாதீர்கள். காற்றுப் பம்பால் இயங்கும் பஞ்சு வடிகட்டி மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் துன்பம் கிடையாது.

பதிவு 9 | குமரிக்கரை

கறுப்பு மணல் என்றதும் எழுதத் தோன்றியது. நான் கன்னியாகுமரி மாவட்டம். எங்கள் கரையில் கறுப்பும் செம்மையும் கலந்த மணல் பார்ப்பதற்கு மிக அழகாக இருக்கும், "கறுப்பு மணலில் நியான் எடுப்பாகத் தெரியும், ஒரு மூட்டை அனுப்ப முடியுமா" என்று வெளியூர் நண்பர்கள் கேட்பதும் உண்டு. தயவுசெய்து யாரும் கேட்காதீர்கள், எடுக்கவும் எடுக்காதீர்கள்.

மணவாளக்குறிச்சிப் பகுதியில் பொதுத்துறை நிறுவனமான ஐஆர்இஎல் கடற்கரை மணலிலிருந்து இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட், மோனசைட் ஆகியவற்றைப் பிரித்தெடுக்கிறது. அவற்றுள் மோனசைட்டில் தோரியம் இருப்பதால் அது அணுசக்திச் சட்டத்தின்கீழ் கட்டுப்படுத்தப்பட்ட பொருள். எங்கள் கரையின் சில பகுதிகளில் இயற்கைக் கதிர்வீச்சு மற்ற ஊர்களைவிட அதிகமாக இருப்பதற்கும் அதுவே காரணம். கரையில் நடந்தால் தீங்கு என்று நான் சொல்லவில்லை, நாங்கள் தலைமுறைகளாக இங்கேதான் வாழ்கிறோம். ஆனால் கூடத்தின் நடுவே வைக்கும் தொட்டிக்கு அடியில் கிலோக்கணக்கில் அதைக் குவிக்க வேண்டிய தேவை என்ன? கார்னெட் உள்ளிட்ட கடற்கரைத் தாது மணல் அள்ளுவதைத் தமிழக அரசு 2013-இல் நிறுத்திவைத்தபின், வண்டியில் கறுப்பு மணலோடு பிடிபடுகிறவர் மீன்தொட்டிக்கென்று சொன்னால் யார் நம்புவார்கள்?

பதிவு 10 | தேரிக்காடு

இழையை விட்டு விலகாத கேள்விதான்: எங்கள் பக்கத்துத் தேரியின் (செம்மணல் மேட்டின்) மணலைப் பயன்படுத்தலாமா? கடலிலிருந்து சற்றுத் தள்ளியே இருக்கிறது.

பதிவு 11 | கிளிஞ்சல்மேடு

தேரி மணலின் செந்நிறம் மணிகளின் மேல் படிந்துள்ள இரும்பு ஆக்சைடால் வருவது. அத்துடன் கலந்துள்ள நுண்ணிய களித்தூசி இருபது முறை கழுவினாலும் நீரைச் செம்மையாக்கிக்கொண்டே இருக்கும். என் அறிவுரை, வேண்டாம் என்பதே.

பதிவு 12 | பவளத்திட்டு

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களும் இதனைப் படிப்பார்கள் என்பதால் சில வரிகள். கடல்மீன் தொட்டிக்கு உப்பு ஒரு சிக்கலே இல்லை, கிளிஞ்சல் இருப்பது நல்லதென்றே பலர் கரைமணலை நாடுகிறார்கள். ஈரமணலை அப்படியே கொண்டுவந்தால் "உயிர் மணல்" கிடைத்துவிடும் என்ற ஆசை வேறு. நடப்பது என்னவென்றால், பையில் ஒரு மணி நேரம் வெயிலில் கிடந்த மணலிலுள்ள புழுக்களும் நுண்ணுயிர்களும் பாதி செத்தே வந்து சேரும், தொட்டியில் போட்டதும் அவை அழுகி அம்மோனியா கிளம்பும். முகத்துவாரங்களுக்கு அருகில் எடுத்த மணலென்றால் சாக்கடையின் பாஸ்பேட்டும் சேர்ந்து வரும், அதன் பிறகு பாசியோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

இராமேசுவரம், மண்டபம் பக்கம் சுற்றுலா போகிறவர்கள் வெள்ளைப் பவளத் துண்டுகளைப் பொறுக்கி வருவதையும் பார்க்கிறேன். பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில் உள்ளவை, புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு அவற்றுக்கும் உண்டு. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் இருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு கடலுக்குள் மூழ்கிப்போயின. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை ஆண்டுக்கணக்கில் வெட்டி எடுத்ததில் அலையைத் தடுக்கும் அரண் இல்லாமல் போனது அதற்கு முக்கியக் காரணம்.

பதிவு 13 | போர்த்தண்ணீர்

பவளத்தைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் மெரினாவைப் பாருங்கள், கண்ணுக்கெட்டிய தூரம் மணல். அதில் ஒரு வாளி எடுத்தால் கடல் உள்ளே வந்துவிடுமா?

பதிவு 14 | குமரிக்கரை

மெரினா அவ்வளவு அகலமாக இருப்பதற்கே ஒரு கதை உண்டு. நம் கிழக்குக் கரையில் அலைகள் மணலை ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக நகர்த்திச் செல்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் எழுந்தபோது அந்த மணல் தெற்கே தேங்கி மெரினா விரிந்தது, வடக்கே இராயபுரம் பக்கம் மணல் வரத்தின்றிக் கரை அரிக்கப்பட்டது. அங்கே கருங்கல் கொட்டிக் கரையைக் காக்க வேண்டியதாயிற்று. ஆக, ஓரிடத்தில் கிடக்கும் மணல் அந்த இடத்துக்கு மட்டும் உரியதன்று, வடக்கே போய்க்கொண்டிருக்கும் வழிப்போக்கன் அது.

சட்டத்தைக் கேட்டால், கடற்கரை ஒழுங்காற்று மண்டல அறிவிக்கை 2011-இலும் சரி, 2019-இலும் சரி, மணல் எடுத்தலைத் தடைசெய்யப்பட்ட செயல்களுள் வைத்திருக்கிறது. வெளிநாடு என்றால், இத்தாலியின் சார்டீனியாத் தீவில் கரைமணலை எடுத்துச் செல்லும் சுற்றுலாப் பயணிக்கு 500 முதல் 3,000 யூரோ வரை அபராதம் உண்டு. நம்மிடம் ஒரு வாளிக்காக யாரும் உங்களைப் பிடிக்கப் போவதில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் இந்த இழையைப் படிப்பவர்களில் நூறு பேர் ஆளுக்கு முப்பது கிலோ எடுத்தால் மூன்று டன். சனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடும் கரை அது என்பதும் நினைவிருக்கட்டும், மண்வெட்டி படக்கூடாத இடங்கள் மேலிருந்து பார்த்தால் தெரியாது.

பதிவு 15 | மோட்டார் வைத்தியர்

இன்னொன்று. எண்ணூர்ப் பக்கம் 2017 சனவரியில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது, 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு மறுபடியும் எண்ணெய் பரவியது. தார் உருண்டைகள் காலில் ஒட்டாத கரையையே நான் இப்போது அங்கே பார்ப்பதில்லை. எண்ணெய் பட்ட மணலைக் கழுவி மீனுக்குப் போடும் துணிவு எனக்கு இல்லை. எங்கிருந்து எடுத்த மணலானாலும், கழுவும்போது வாளியின் மேல்மட்டத்தில் வானவில் நிறப் படலம் தெரிந்தால் அத்துடன் நிறுத்திவிடுங்கள். பயறு அளவில் வெள்ளை உருண்டைகள் மிதந்தால் அவை மீன் முட்டையல்ல, பிளாஸ்டிக் தொழிற்சாலைக்கான மூலப்பொருள். 2021-இல் கொழும்புக்கு அருகே எரிந்த எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பலிலிருந்து கடலில் கலந்தவை இந்த வகைதான்.

பதிவு 16 | நீலாங்கரைவாசி

சொன்னபடி பத்து நாள் கழித்து வந்திருக்கிறேன்.

எடைச் சோதனையில் 100 கிராம் மணல் 93 கிராமாகக் குறைந்தது. ஏழு சதவீதம் கிளிஞ்சல் என்பதை என்னால் நம்பவே முடியவில்லை, ஏனெனில் கண்ணுக்கு அது வெறும் மணலாகவே தெரிந்தது. அடுத்து மூன்று கண்ணாடிக் குடுவைகளைத் துணியால் மூடி வைத்தேன். வெறும் ஆர்ஓ நீர் வைத்த முதல் குடுவையில் டிடிஎஸ் 18-இலிருந்து 19 ஆனது. நன்கு கழுவிய மணலும் ஆர்ஓ நீரும் இட்ட இரண்டாவதில் அது 18-இலிருந்து 74 ஆனது, பூச்சியமாக இருந்த கேஎச் (கார்பனேட் கடினத்தன்மை) மூன்று டிகிரிக்கு வந்தது, பிஎச் 8-ஐத் தொட்டது. மணலும் ஆழ்துளைக் கிணற்று நீரும் இட்ட மூன்றாவதில் 860 ஆக இருந்தது 860 ஆகவே இருக்கிறது. கிளிஞ்சல்மேடு சகோதரி எழுதிய விருந்தாளி உவமை குடுவைக்குள் அப்படியே நடந்தது.

காந்தத்தில் கால் கரண்டி கறுப்பு மணி ஒட்டியது. அமிலத்தால் முழு மணலையும் கழுவிச் சுண்ணாம்பை நீக்கிவிடலாமா என்றும் ஒருகணம் எண்ணினேன்.

பதிவு 17 | கிளிஞ்சல்மேடு

எண்ணியதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இருபது கிலோ மணலில் ஏழு சதவீதம் என்றால் 1.4 கிலோ கால்சியம் கார்பனேட். அதைக் கரைக்க 30 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஏறத்தாழ மூன்று லிட்டர் வேண்டும். கழிப்பறைக்கு விற்கும் நீர்த்த அமிலமென்றால் அதைப் போலச் சில மடங்கு. அதன் புகையை அடுக்குமாடியில் யார் சுவாசிப்பது, அந்த நீரை எங்கே ஊற்றுவது? அவ்வளவும் செய்த பிறகு கிடைப்பது கடையில் மூட்டையாக விற்கும் சிலிக்கா மணல்தான்.

பதிவு 18 | கொளத்தூர்ப் பழையவர்

அந்த மூட்டையைப் பற்றித்தான் எழுத வந்தேன். நீர் சுத்திகரிப்புச் சாதனங்கள் விற்கும் கடைகளில் "பில்டர் மணல்" என்று கேளுங்கள். மணல் வடிகட்டித் தொட்டிகளுக்குள் போடுவதற்காகச் சலித்துத் தரம் பிரித்த சிலிக்கா. 16/30 என்று குறித்த தரத்தில் மணிகள் ஏறத்தாழ 0.6 மி.மீ. முதல் 1.2 மி.மீ. வரை இருக்கும். மீன் கடையில் வண்ணப் பையில் விற்பதைவிட விலை மிகக் குறைவு, சுண்ணாம்பும் கிடையாது. ஆனாலும் வினிகர் சோதனையை ஒருமுறை செய்துவிடுங்கள், மூட்டையில் எழுதியிருப்பதை நம்பி நான் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். கட்டடத்துக்கான எம்-சாண்ட் வேண்டாம். கல்லை உடைத்துச் செய்ததால் முனைகள் கூர்மையாக இருக்கும், மீசை தேய்கிறது என்று கல்லை எடுத்தவர் அதைப் போடுவது பொருளற்றது.

மணியின் பருமனை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. கரைமணலில் பெரும்பகுதி அரை மில்லிமீட்டருக்கும் கீழே. அவ்வளவு நுண்ணிய மணல் நீருக்கடியில் சிமெண்டுத் தரைபோல இறுகும். ஐந்து செ.மீ. போட்டால் அடிப்பகுதிக்கு ஆக்சிஜன் போகாது. கண்ணாடி ஓரமாகக் கறுத்த திட்டுகள் தெரியும், குச்சியால் குத்தினால் அழுகிய முட்டை நாற்றத்துடன் குமிழி கிளம்பும். அது ஹைட்ரஜன் சல்பைடு. மீனுக்கு நஞ்சு, எனினும் ஆக்சிஜன் நிறைந்த நீரில் விரைவில் சிதைந்துவிடும், ஆகவே ஒரு குமிழிக்கே பதற வேண்டியதில்லை. ஆனால் அந்தப் படுகையை ஒரே நாளில் முழுவதுமாகக் கிளறிவிட்டு எல்லா மீனையும் இழந்தவர் எங்கள் தெருவிலேயே இருந்தார். எந்த மணலாக இருந்தாலும் உங்களுக்கு மூன்று செ.மீ. போதும், ஏறத்தாழ இருபது கிலோ. மலேசிய நத்தை நான்கைந்து விட்டால் அவை பகலெல்லாம் மணலுக்குள் உழுதுகொண்டிருக்கும். பெருகிவிடுமே என்று அஞ்சுவோர் தீனியைக் குறைத்தால் போதும், நத்தைப் பெருக்கம் தீனி மிகுதியின் கணக்குப் புத்தகம்.

பதிவு 19 | போர்த்தண்ணீர்

என் தொட்டியில் ஆறு ஆண்டுகளாக ஏழு செ.மீ. இருக்கிறது. நேற்றிரவு ஓரத்தில் டார்ச் அடித்துப் பார்த்தேன், பழையவர் சொன்ன கறுப்புத் திட்டு இருக்கிறது. எப்படி எடுப்பது?

பதிவு 20 | கொளத்தூர்ப் பழையவர்

ஒரே நாளில் கை வைக்காதீர்கள். வாரம் ஒருமுறை நீர் மாற்றும்போது, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பகுதியை மட்டும் குழாயால் மணலோடு உறிஞ்சி வாளிக்கு எடுத்துவிடுங்கள். மூன்று மாதத்தில் பாதி உயரம் குறைந்துவிடும். அன்று மட்டும் காற்றுக்கல்லை (நீருக்குள் குமிழி விடும் கல்லை) முழு வேகத்தில் வையுங்கள்.

பதிவு 21 | நீலாங்கரைவாசி

பில்டர் மணல் ஒரு மூட்டை வாங்கி, வினிகரில் சோதித்து, பதினோரு முறை கழுவி, மூன்று செ.மீ. பரப்பி இருபது நாளாகிறது. கோரிடோரஸ் முகத்தைக் கண்வரை மணலுக்குள் செருகி, வாய்வழியே எடுத்த மணலைச் செவுள்வழியே தூவிவிடுவதை இப்போதுதான் முதன்முறையாகப் பார்க்கிறேன், கல் இருந்தபோது அவற்றுக்கு அதைச் செய்ய வழியே இருக்கவில்லை. கடற்கரையிலிருந்து கொண்டுவந்த பத்துக் கிலோவைக் காந்தத்தால் பலமுறை இழுத்துவிட்டு, ஆழ்துளைக் கிணற்று நீரில் மோலி வளர்க்கும் சிறிய தொட்டிக்குப் போட்டேன். அதில் பஞ்சு வடிகட்டி மட்டுமே இருக்கிறது. குமரிக்கரை ஐயா வருந்த வேண்டாம், மேற்கொண்டு எடுக்கப் போகவில்லை.

ஒரே ஒரு ஐயம். புது மணலின்மேல் பழுப்பு நிறப் படலம் படிகிறது. சிலிக்கா மணலில்தான் இந்தப் பாசி வரும் என்று ஒருவர் சொல்கிறார். மணலை மாற்ற வேண்டுமா?

பதிவு 22 | கிளிஞ்சல்மேடு

மாற்ற வேண்டாம். அது டயட்டம் என்னும் நுண்பாசி. அதற்குச் சிலிக்கா தேவைதான், ஆனால் அது எடுத்துக்கொள்வது நீரில் கரைந்துள்ள சிலிகேட்டை. அது பெரும்பாலும் உங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரில் வருகிறது, குவார்ட்ஸ் மணியிலிருந்து அவ்வளவு கரையாது. புதிதாக மணல் மாற்றிய தொட்டிகளில் முதல் சில வாரங்கள் இது வழக்கம். விளக்கை எட்டு மணி நேரத்துக்கு மேல் எரியவிடாமல், படலத்தை நீர் மாற்றும் அன்று மட்டும் மேலாக உறிஞ்சி எடுங்கள், தினமும் கிளற வேண்டாம். கலக்கும் ஆர்ஓ நீரின் பங்கைச் சற்றுக் கூட்டினால் விரைவாகக் குறையும்.